கௌவர் பக்கம் ஒரு உணவகத்தில் வேல்ஸ் உள்ளூர் உணவு ருசி மாலை: போய் வந்தேன், நீங்களும் சொல்லுங்கள்

கடலோரம் எழுதியது:

போன வியாழக்கிழமை சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் கௌவர் தீபகற்பத்தில் ஒரு சின்ன உணவகத்துக்குப் போயிருந்தோம். சுவான்ஸீயில் பத்து வருஷமாக இருக்கிறேன், செவிலியர் வேலை. இத்தனை வருஷத்தில் வேல்ஸ் சாப்பாடு என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மார்ச் 1, புனித டேவிட் நாள் அன்று கேன்டீனில் ஊற்றுகிற கவுல் சூப்பும் சூப்பர் மார்க்கெட் பொட்டலத்தில் வருகிற வெல்ஷ் கேக்கும்தான். என்னோடு வேலை பார்க்கிற ஒரு அம்மா, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர், விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

உணவகக்காரர்கள் தங்களுக்குப் பொருள் கொடுக்கிறவர்களையே அன்றைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சீஸ் செய்கிறவர், மட்டி அள்ளுகிறவர், ஆடு வளர்க்கிறவர், ரொட்டி சுடுகிறவர், ஆப்பிள் சைடர் செய்கிறவர் என்று ஏழெட்டுப் பேர் சுவரோரமாக மேசை போட்டு நின்றார்கள். முதலில் அவர்களிடம் போய்ப் பொருளை அப்படியே வாயில் போட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் உட்கார்ந்தால் அதே பொருளை வைத்துச் சமையல்காரர் செய்தது தட்டில் வரும். ஆளுக்கு 45 பவுண்ட். எங்களுக்கு அது யோசித்துக் கொடுக்க வேண்டிய பணம்தான்.

முதல் மேசையில் கேர்ஃபில்லி சீஸ். கடையில் வாங்கினால் வெள்ளையாக, உதிரியாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்குமே, இதே பெயரா என்று சந்தேகம் வந்துவிட்டது. சக்கரம் மாதிரி ஒரு முழு வட்டு, மேலே சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்த தோல். வெட்டிக் காட்டினார். தோலுக்கு அடியில் ஒரு விரல்கடை அளவுக்கு வெண்ணெய் மாதிரி இளகி மஞ்சளாக இருக்கிறது, நடுவில் மட்டும் வெள்ளையாக, விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிர்கிறது. நடுப்பகுதியில் எலுமிச்சைப் புளிப்பு. ஓரத்தில் காளான் வாசனை. ஒரே துண்டில் இரண்டு சீஸ். தோலோடு சேர்த்துத் தின்னச் சொன்னார், மழை பெய்து ஓய்ந்த மண் வாசனை வந்தது.

அடுத்து பாரா லாவுர். பாறையில் ஒட்டி வளர்கிற கடற்பாசியைப் பறித்து, மணல் போகத் திரும்பத் திரும்ப அலசி, மணிக்கணக்கில் வேகவைத்து மசித்தது. ஒரு கிண்ணத்தில் கரும்பச்சையாக, கடைந்த கீரை மாதிரி, ஆனால் பளபளவென்று, கரண்டியில் எடுத்தால் கொழகொழவென்று இழுபடுகிறது. பார்த்ததும் கைவைக்க மனசு வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். நாக்கில் வைத்ததும் முதலில் கீரை, பின்னாலேயே கடல், கடைசியில் முருங்கைக்கீரைத் தண்ணீர் குடித்தால் வருமே, அந்த இரும்புச் சுவை. பிறகு அதையே ஓட்ஸ் மாவில் உருட்டி, தட்டையாகத் தட்டி, பன்றி இறைச்சிக் கொழுப்பில் பொரித்து, மேலே மட்டியைத் தூவிக் கொடுத்தார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. மூன்று வாங்கித் தின்றேன்.

ஆட்டுக்காரரைத்தான் மறக்க முடியவில்லை. வயதானவர், சட்டைப் பையில் மடங்கி நைந்துபோன ஒரு சின்னப் புத்தகம். கடல் ஏறும் இறங்கும் நேரம் போட்ட அட்டவணை. ஆடு மேய்ப்பவருக்கு இது எதற்கு என்று கேட்டேன். அவருடைய ஆடுகள் கௌவரின் வடக்குக் கரையில், லகர் ஆற்று முகத்துவாரத்து உப்புச் சதுப்பில் மேய்கின்றன. பெரிய ஏற்றம் வரும் நாள்களில் அந்தப் புல்வெளி முழுகிவிடும், அதற்கு முன்னால் ஆடுகளை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். அந்த உப்பு நிலத்தில் வளர்கிற கடற்கரைச் செடிகளைத் தின்று வளர்ந்த கறி. உப்பாக இருக்கும் என்று நினைத்துக் கடித்தேன், இல்லவே இல்லை. இனிப்பாக, கவிச்சி கொஞ்சமும் இல்லாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இதே சாப்பாட்டை அவர்கள் யாரும் இல்லாமல் தட்டில் மட்டும் வைத்திருந்தால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். அந்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தக் கறி எனக்கு ருசித்தது. நீங்கள் யாராவது இப்படிப் போயிருக்கிறீர்களா?


தயிர்சாதம் எழுதியது:

படிக்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் நாங்கள் வீட்டில் எல்லாருமே சைவம். முட்டை மட்டும் பிள்ளைகளுக்கு. கார்டிஃபில் இப்படி ஒரு விருந்துக்குப் போய் 40 பவுண்ட் கொடுத்து ரொட்டியும் வெண்ணெயும் தின்றுவிட்டு வந்தோம், அதனால் கொஞ்சம் பயம். சைவக்காரர்களுக்கு இதில் என்ன கிடைக்கும்? சீஸ்கூட எல்லாம் சைவம் இல்லை என்கிறார்களே?


கடலோரம் எழுதியது:

என் பக்கத்து மேசையில் ஒரு சைவக் குடும்பம் இருந்தது. அவர்களுக்குக் கிளமார்கன் சாசேஜ் கொடுத்தார்கள். பெயர்தான் சாசேஜ், கறி கிடையாது. கேர்ஃபில்லி சீஸ், லீக் தண்டு, ரொட்டித் தூள், கடுகு எல்லாம் சேர்த்து உருட்டிப் பொரித்தது. பிசைந்து பிடிக்க முட்டை போடுவார்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அதைச் சொல்லிவிடுங்கள். பாரா லாவுரையும் பன்றிக் கொழுப்பு இல்லாமல் எண்ணெயில் பொரித்துத் தரச் சொல்லலாம், தந்தார்கள். வெல்ஷ் கேக் பழைய முறையில் பன்றி நெய்யில் செய்வது உண்டு, வெண்ணெயா என்று கேட்டு வாங்குங்கள். சீஸ் விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் வரட்டும்.


நியூபோர்ட்காரன் எழுதியது:

மலர்ந்த முகத்தோடு எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் எனக்கு இந்த "உள்ளூர்", "கைவினை" என்கிற வார்த்தைகளைக் கேட்டாலே இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. காரணம் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தபோது ஒரு உணவகத்துக்கு அழைத்துப் போனேன். எந்த உணவகம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். கரும்பலகையில் பெரிய எழுத்தில் உள்ளூர் ஆட்டுக்கறி, பக்கத்துப் பண்ணை என்று எழுதியிருந்தது. அப்பா விவசாயி. அவருக்கு எந்தப் பண்ணை, என்ன இன ஆடு, மலையில் மேய்ந்ததா தரையில் மேய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை. பரிமாறிய பையனைக் கேட்டேன். அவன் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்து, பாவம், முகம் சிவந்துபோய், இந்த வாரம் மட்டும் நியூசிலாந்துக் கறி என்றான். கரும்பலகையை யாரும் அழிக்கவில்லை, விலையும் குறையவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டு முடித்தார். எனக்குத்தான் இன்றைக்கும் ஆறவில்லை.

இன்னொன்று, இந்த மட்டியும் கடற்பாசியும் கவுலும் ஏழைகள் சாப்பாடு. சுரங்கத்துக்குப் போனவன் பெட்டியில் கட்டிக்கொண்டு போன சீஸ்தான் அந்தக் கேர்ஃபில்லி. அதை இப்போது 45 பவுண்டுக்கு விற்றால் சுரங்கக்காரனின் பேரன் எப்படி ருசி பார்ப்பான்? என் தெருவில் இருப்பவர்கள் யாரும் அந்த மாலைக்கு வர முடியாது.


பால்கட்டி எழுதியது:

சீஸ் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நியூபோர்ட்காரன் சொன்ன சுரங்கக் கதை சரிதான். கேர்ஃபில்லி ஊரைச் சுற்றி 1830 வாக்கில் இந்தச் சீஸ் ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். செடார் சீஸ் மாதிரி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், உப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து ஒன்றிரண்டு வாரத்தில் விற்றுவிடலாம். ஈரமும் உப்பும் அதிகம், நிலக்கரிச் சுரங்கத்தில் வியர்த்து ஒழுகுகிறவனுக்கு அது வேண்டியிருந்தது. கை அழுக்கோடு பிடித்துத் தின்னத் தோல் வசதி. கிராக்கி கூடியதும் கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில் சாமர்செட்காரர்களும் செய்ய ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தது, பால் முழுவதும் அரசாங்கச் செடாருக்குப் போனது, சீக்கிரம் கெட்டுப்போகிற கேர்ஃபில்லிக்குப் பால் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ரேஷன் 1954இல் முடிந்தபோது வேல்ஸ் பண்ணைகளில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருந்தார்கள். பெயர் வேல்ஸில், சீஸ் இங்கிலாந்துத் தொழிற்சாலைகளில். கடையில் கடலோரம் பார்த்த சுண்ணாம்புக் கட்டி அந்த வகைதான்.

திரும்பி வந்தது 1980களுக்குப் பிறகு. 1984இல் பால் ஒதுக்கீடு கொண்டு வந்து, இவ்வளவுக்கு மேல் பால் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். மிஞ்சின பாலை என்ன செய்வது என்று தவித்த பண்ணைக் குடும்பங்களில் சில சீஸ் பக்கம் திரும்பின. கவுஸ் கெனார்த் அப்படி 1987இல் தொடங்கியது. அவர்களுடைய பெர்ல் லாஸ் என்கிற நீலச் சீஸை ஒரு தடவை நல்ல பேரிக்காயோடு தின்று பாருங்கள். கெரெடிகியன் பக்கம் ஹாவோட் என்று ஒரு செடார் இருக்கிறது, அயர்ஷயர் மாட்டுப்பால், பச்சைப் பாலிலேயே செய்வது. வாயில் போட்டால் வேர்க்கடலையும் வெண்ணெயும் கலந்த மாதிரி நிற்கும்.

"உள்ளூர்" என்கிற வார்த்தை எவ்வளவு வழுக்கும் என்பதற்கு என்னிடமும் ஓர் உதாரணம் இருக்கிறது. கோர்வித் கேர்ஃபில்லி. 1996இல் கெரெடிகியனில் லான்தேவி பிரெவி பக்கத்தில் ட்ரெதோவன் குடும்பம் தொடங்கியது, கடலோரம் வர்ணித்த அதே சாம்பல் தோல், அதே எலுமிச்சை. 2014இல் பட்டறையை சாமர்செட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள், அங்கே நல்ல பால் பக்கத்திலேயே கிடைத்தது. இன்றைக்கும் அருமையான சீஸ், நானே வாங்குகிறேன். ஆனால் அதை வேல்ஸ் சீஸ் என்று பலகையில் எழுதினால் தப்பு. 2018இல் "டிரடிஷனல் வெல்ஷ் கேர்ஃபில்லி" என்கிற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது, அந்த முழுப்பெயர் இருந்தால் வேல்ஸில் செய்தது என்று நம்பலாம். வெறும் கேர்ஃபில்லியை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம்.

தயிர்சாதம், கோர்வித், ஹாவோட் இரண்டிலும் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற, பாலைக் கட்டியாக்கும் ரென்னெட் என்கிற உறைமோர்தான், உங்களுக்கு ஆகாது. சைவ உறைமோர் போட்டுச் செய்கிறவர்கள் வேல்ஸில் நிறையப் பேர் இருக்கிறார்கள், உறையில் எழுதியிருக்கும், வெட்டி விற்கிற கடையில் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை. வெல்ஷ் ரேர்பிட் என்று ரொட்டிமேல் சீஸ் உருக்கி ஊற்றிச் சுட்டுக் கொடுப்பார்கள், பார்த்தால் சுத்த சைவம். அதில் வூஸ்டர் சாஸ் விடுவது வழக்கம், அந்தச் சாஸில் நெத்திலி இருக்கும். நம்ம புளியும் இருக்கும், அது வேறு.


லனெல்லி அக்கா எழுதியது:

தங்கச்சி கடலோரம், நீங்கள் மட்டியைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள், அதனால் நான் எழுதுகிறேன். நாங்கள் லனெல்லியில் இருக்கிறோம், அந்த முகத்துவாரத்துக்கு மற்றக் கரை. யாழ்ப்பாணத்தில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஆட்கள், மட்டி எங்களுக்குப் புதிதில்லை.

அக்கரையில் பென்கிளாவ்த் என்று ஒரு ஊர். கடல் வற்றினதும் மைல்கணக்கில் மணல் தெரியும், அதில் கை வாருகோலால் கிளறி, சல்லடையில் சலித்து, சின்னதைத் திரும்ப விழவிட்டுப் பெரியதை மட்டும் எடுப்பார்கள். முந்தி அது முழுக்கப் பெண்களின் தொழில். கழுதையில் சாக்கை ஏற்றிக்கொண்டு மணலைக் கடந்து வந்து, அவித்து, தலையில் கூடையைச் சுமந்து சுவான்ஸீ சந்தைக்கு நடந்தே போவார்களாம். ஊருக்குள் நுழைய முதல் ஓர் ஓடையில் காலைக் கழுவிச் சப்பாத்துப் போட்டுக்கொள்வார்கள், அந்த இடத்துக்கு ஓல்க்வா என்று பெயர், கழுவுகிற இடம் என்று அர்த்தம். இதைச் சந்தையில் ஒரு வயதான அம்மா எனக்குச் சொன்னபோது, எங்கள் ஊரில் தலையில் கடகத்தோடு வீடு வீடாக மீன் கொண்டு வந்த பெண்கள் எல்லாரும் என் கண்ணுக்கு முன்னால் வந்துபோனார்கள்.

நியூபோர்ட் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். 45 பவுண்ட் கொடுக்கத் தேவையில்லை. சுவான்ஸீ சந்தைக்குப் போங்கள், நடுவில் மட்டிக் கடைகள் இருக்கின்றன. ஒரு சின்னக் கிண்ணம் மட்டி வாங்கி, வினிகரும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டு நின்றபடியே சாப்பிடலாம், சில பவுண்ட்தான். பக்கத்திலேயே பாரா லாவுர் நிறுத்துத் தருவார்கள். விற்கிறவருக்குப் பொருள் எங்கேயிருந்து வந்தது என்று தெரியும், கேட்டால் கதைப்பார்கள், நல்லாகக் கதைப்பார்கள்.

கவுலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கறி, லீக், உருளைக்கிழங்கு, ஸ்வீட் (swede) என்கிற டர்னிப் மாதிரிக் கிழங்கு ஒன்று, எல்லாம் ஒரே பானையில். மரக் கிண்ணத்தில் ஊற்றி மரக் கரண்டியால் குடிப்பார்கள், பக்கத்தில் ஒரு துண்டு சீஸும் ரொட்டியும். முதல் நாளைவிட அடுத்த நாள் சூடாக்கிக் குடிப்பது ருசி. எங்கள் வீட்டில் இதைக் குடித்த அன்று அம்மா சொன்னது, இது அவர்களுடைய ஒடியல் கூழ், பனங்கிழங்கு மாவில் நாங்கள் காய்ச்சுகிற கூழ் மாதிரி. பானையைச் சுற்றி எல்லாரும் இருந்து பனையோலைப் பிளாவில் கூழ் குடித்தவருக்கு அது உடனே விளங்கிவிட்டது.


அடுப்படி எழுதியது:

நான் கார்மார்தன் பக்கம் ஒரு விடுதிச் சமையலறையில் இருக்கிறேன், இணைச் சமையல்காரர். நியூபோர்ட்காரன் அண்ணாவின் கோபம் நியாயமானது. பலகையில் பொய் எழுதக் கூடாது, அதற்குச் சமாதானமே கிடையாது. ஆனால் அந்தப் பொய் எப்படி வருகிறது என்று உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சிறிய பண்ணையிலிருந்து ஆடு வந்தால் முழு ஆடாக வரும். வாடிக்கையாளர்கள் எல்லாரும் கேட்பது விலா எலும்புத் துண்டு. ஒரு ஆட்டில் அது எத்தனை பேருக்கு வரும்? வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடும். கழுத்து, தோள், ஈரல் எல்லாம் குளிர்பெட்டியில் நிற்கும். சமையல் தெரிந்தவன் தோளை மெதுவாக வேகவைத்து ஒரு உணவு, கழுத்தில் கவுல், ஈரலில் ஒன்று என்று பட்டியலையே மாற்றி எழுதுவான். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், முதலாளிக்குப் பொறுமை வேண்டும். இல்லையென்றால் மொத்த வியாபாரிக்கு ஒரு போன், காலையில் இருபது பேருக்கு ஒரே அளவில் வெட்டிய விலா வந்து இறங்கும், எந்த நாட்டுக் கறி என்று பெட்டியில்தான் எழுதியிருக்கும். அன்றைக்குப் பலகையை அழிக்க வேண்டியவன் அழிப்பதில்லை.

பருவம் இன்னொரு தலைவலி. கௌவர் உப்புச் சதுப்பு ஆட்டுக்கறி ஜூன் முதல் டிசம்பர் வரைதான். அந்தப் பெயருக்கு 2021இல் பாதுகாப்பு வந்தது, பிரிட்டன் தனியாக அமைத்த புவிசார் திட்டத்தில் புதிதாகப் பதிவான முதல் பொருள் அதுதான். ஆட்டுக்குட்டி தன் ஆயுளில் பாதிக்கு மேல் அந்தச் சதுப்பில் மேய்ந்திருக்க வேண்டும் என்பது விதி. பிப்ரவரியில் அந்தப் பெயரைப் பட்டியலில் பார்த்தால் கேள்வி கேளுங்கள். பெம்புரோக்‌ஷர் புது உருளைக்கிழங்கு கோடையின் தொடக்கத்தில் சில வாரம். எங்கள் டவி ஆற்றில் சூவின் என்கிற கடல் ட்ரௌட் மீனைப் பரிசலில் பிடிப்பார்கள். ஆமாம், நம் ஒகேனக்கல் பரிசல் மாதிரியே ஒருவர் உட்காரும் சின்னப் பரிசல், முதுகில் ஆமை ஓடு மாதிரிச் சுமந்துகொண்டு ஆற்றங்கரைக்கு நடந்து வருவார்கள். ராத்திரி இருட்டில் இரண்டு பரிசல் ஒரு வலையை நடுவில் பிடித்தபடி நீரோட்டத்தோடு மிதந்து போகும். உரிமம் உள்ளவர்கள் மிகச் சிலர், அதனால் அந்த மீன் எங்கள் கைக்கு வந்தால் சமையலறையில் எல்லாரும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவோம். உப்பும் வெண்ணெயும் தவிர வேறு எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோக மாட்டோம்.

உப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆங்கிள்சி தீவில் ஹாலன் மோன் என்று கடலுப்பு செய்கிறார்கள், 1997இல் வீட்டு அடுப்பில் ஒரு பாத்திரம் கடல்நீரைக் கொதிக்க வைத்துப் பார்த்துத் தொடங்கிய வேலை. தூத்துக்குடி மாதிரி பாத்தி கட்டி வெயிலில் விட அங்கே வெயில் ஏது? மெனாய் நீரிணைத் தண்ணீரை வடிகட்டி, காற்றழுத்தத்தைக் குறைத்துக் குறைந்த சூட்டில் காய்ச்சி, தொட்டியில் படிய விட்டு, சில்லுச் சில்லாகக் கையாலேயே அள்ளி எடுக்கிறார்கள். விரலில் நசுக்கினால் கண்ணாடித் தகடு மாதிரி உடையும். சமைக்கும்போது போட்டால் வீண். தட்டு வெளியே போகும் கடைசி நொடியில், கறிமேல் கிள்ளித் தூவ வேண்டும். பல்லில் படும்போதுதான் அதன் வேலை தெரியும்.

விலையைப் பற்றி. 45 பவுண்டில் பொருளுக்குப் போகிற பங்கு, மொத்த வியாபாரியிடம் வாங்குவதைவிட அதிகம். அந்தப் பணம் கடலோரம் பார்த்த அந்தப் பெரியவரின் கைக்கு நேராகப் போகிறது. சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்றால் அவருக்கு என்ன விலை கிடைக்கும் என்று அவரையே கேட்டுப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.


நியூபோர்ட்காரன் எழுதியது:

அடுப்படி தம்பி, விளக்கத்துக்கு நன்றி. விலாத் துண்டு கணக்கு எனக்குத் தெரியாது. அப்பாவிடம் போனில் சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டே "கிடாய் வெட்டினால் நம் ஊரிலும் தொடைக்கறிக்குத்தானே சண்டை" என்றார்.

ஆனாலும் என் பேச்சை முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரியவர் கைக்குப் பணம் போக வேண்டும், சரி. என் தெருக்காரர் வாய்க்கும் சாப்பாடு போக வேண்டும். லனெல்லி அக்கா சொன்ன சந்தை மாதிரி இடங்கள் இரண்டையும் செய்கின்றன, விருந்து மாலைகள் ஒன்றைத்தான் செய்கின்றன. உணவகக்காரர்கள் ஒரு மதியமாவது கதவைத் திறந்து வைத்து, கவுலும் ரொட்டியும் மட்டும் ஐந்தாறு பவுண்டுக்குப் போட்டு, அதே ஆட்டுக்காரரை அங்கேயும் நிற்க வைத்தால் நான் தெருவில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவேன். கழுத்துக்கறி குளிர்பெட்டியில் நிற்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்.


ஆராய்ச்சிமணி எழுதியது:

யாரும் சொல்லாமல் விட்டதால் நடுவில் நுழைகிறேன். பாரா லாவுருக்கு எடுக்கிற பாசியும் ஜப்பான்காரர்கள் சோற்றைச் சுற்றுகிற நோரியும் ஒரே சொந்தம்தான். நோரி முன்பெல்லாம் ஒரு வருஷம் விளையும், மறு வருஷம் மொத்தமாக இல்லாமல் போகும், ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கேத்லீன் ட்ரூ பேக்கர் என்கிற பிரிட்டிஷ் பெண் விஞ்ஞானி, வேல்ஸில் உண்கிற அந்தப் பாசி வகையைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். பாசியின் வித்துகள் சிப்பி ஓட்டுக்குள் துளைத்துக்கொண்டு போய் வேறு உருவத்தில் வாழ்கின்றன, அங்கிருந்துதான் மறுபடி பாசியாக வருகின்றன என்று கண்டுபிடித்து 1949இல் வெளியிட்டார். அதை வைத்து ஜப்பானில் ஓடுகளில் வித்தூன்றி நோரியைப் பயிராகவே வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். அவருக்கு அங்கே உதோ என்ற ஊரில் நினைவுச் சின்னம் எழுப்பி, ஒவ்வொரு ஏப்ரலிலும் விழா எடுக்கிறார்கள். கடலோரம் தின்ற அந்த மூன்று வடைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது.

மேற்கே பெம்புரோக்‌ஷரில் ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்ட் கடற்கரைக்குப் போனால் பாசி உலர்த்திய பழைய குடிசை ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், கடற்கரை மணற்புல் கூரை, உள்ளே ஒரு ஆள் நிற்கலாம். முன்பு அந்தக் கரையில் அப்படி வரிசையாக இருந்தனவாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் விடாதீர்கள்.


தயிர்சாதம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று கடையில் கேட்டுச் சைவ உறைமோர் போட்ட கேர்ஃபில்லி வாங்கி, வூஸ்டர் சாஸ் இல்லாமல் ரேர்பிட் செய்தேன். சாஸுக்குப் பதிலாக ஒரு சொட்டுப் புளிக்கரைசலும் மிளகும். பிள்ளைகள் இரண்டாவது தடவை கேட்டார்கள். வெல்ஷ் கேக்கைத் தோசைக்கல்லில் சுட்டேன், அவர்களும் அப்படி ஒரு கல்லில்தானே சுடுகிறார்கள், வெண்ணெயில் செய்ததால் மாமியாரும் தொட்டார். கல் ரொம்பச் சூடாக இருந்தால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கிறது, ஊத்தப்பத்துக்கு வைக்கிற தணலைவிடக் குறைவாக வையுங்கள்.


கடலோரம் எழுதியது:

இரண்டு நாள் ராத்திரி வேலை, இப்போதுதான் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன்.

நியூபோர்ட் அண்ணா, உங்கள் அப்பா கேட்ட கேள்வியை நானும் கேட்டுப் பார்ப்போம் என்று அந்த உணவகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் யோசிக்கவே இல்லை, பண்ணை இருக்கிற ஊர், எந்தச் செவ்வாய்க்கிழமை கறி வந்தது, இன்றைக்கு விலா முடிந்துவிட்டது தோள்தான் இருக்கிறது என்று எல்லாம் சொன்னார். மதியக் கவுல் யோசனையையும் சொன்னேன். சமையல்காரரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், சொன்னால் இங்கேயே எழுதுகிறேன்.

சனிக்கிழமை லனெல்லி அக்கா சொன்னபடி சுவான்ஸீ சந்தைக்கும் போனேன். பத்து வருஷமாக அந்தக் கடையைத் தாண்டித்தான் வெண்டைக்காய் வாங்கப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட நின்றதில்லை. வினிகர் போட்டு ஒரு கிண்ணம் அங்கேயே சாப்பிட்டேன், இன்னொரு பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை போட்டுப் பிரட்டினேன். விற்றவர் அவித்த மட்டிதான், மறுபடி வேகவிட்டால் ரப்பராகிவிடும், சூடு ஏறினால் போதும் என்று சொல்லி அனுப்பினார், அப்படியே செய்தேன். வீட்டுக்காரர் தட்டை வழித்துவிட்டார்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வடக்குக் கௌவர் பக்கம் சதுப்பைப் பார்க்கப் போகிறோம், மதியம் கடல் வற்றி இருக்கும் நேரம். சாலையோரத்திலிருந்தே ஆடுகள் தெரியும் என்று அந்தப் பெரியவர் சொன்னார், உள்ளே இறங்க வேண்டாம், கடல் ஏறினால் ஓடைகள் முதுகுப்பக்கமாக நிரம்பிவிடும் என்றும் சொன்னார். காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. நியூபோர்ட் அண்ணா, அதற்குள் உங்கள் அப்பா வந்திருந்தால் முன் இருக்கை அவருக்கு.